அமெரிக்க பேஸ்பால் பிளேஆஃப்: அட்டவணையிலிருந்து கோப்பைவரை, படிப்படியாக

2025 செப்டம்பர் 28, வழக்கமான சீசனின் கடைசி நாள். அமெரிக்கன் லீகின் அட்டவணையில் நியூயார்க் யாங்கீஸ் 94 வெற்றியோடு நிற்கிறது, கிளீவ்லாந்து கார்டியன்ஸ் 88 வெற்றியோடு நிற்கிறது. ஆனால் பிளேஆஃப் தரவரிசையில் கார்டியன்ஸுக்கு 3ஆம் இடம், யாங்கீஸுக்கு 4ஆம் இடம். ஆறு வெற்றி குறைவாக எடுத்த அணி மேலே எப்படி வந்தது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி அமைப்பு புரிந்துவிடும். மீதிப் பாதி பந்து வீசும் பிட்சரின் கையில் இருக்கிறது, அதை நிஜமாகவே கையைப் பற்றித்தான் சொல்கிறேன், போகப்போகத் தெரியும்.

எளிதாகப் புரிய, 2025 சீசனையே உதாரணமாக வைத்துக்கொண்டு போகலாம். தற்போதைய விதிகள் எல்லாமே அந்த ஓர் ஆண்டில் ஏதோ ஒரு வடிவில் தலைகாட்டின.

முதல் படி: அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீகுகள், ஒவ்வொன்றிலும் 15 அணிகள். ஒரு லீகுக்குள் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று டிவிஷன், ஒரு டிவிஷனுக்கு ஐந்து அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பெரிய விஷயம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் முதலில் மறக்க வேண்டியது புள்ளிகளை. இங்கே இரண்டு புள்ளி, ஒரு புள்ளி என்ற கணக்கு இல்லை, நெட் ரன் ரேட்டும் இல்லை. டிராவும் கிடையாது, ஒன்பது இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஆளுக்கு ஒரு முறை, மூன்று அவுட் ஆகும்வரை பேட் செய்தால் ஓர் இன்னிங்ஸ்) சமமாக இருந்தால் ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடுவார்கள். 15-0 என்று ஜெயித்தாலும் 1-0 என்று ஜெயித்தாலும் அட்டவணையில் ஏறுவது ஒரே ஒரு வெற்றிதான். அதனால் '94-68' என்று எழுதியிருந்தால் 94 வெற்றி, 68 தோல்வி, அவ்வளவுதான் விஷயம்.

அட்டவணையில் 'கேம்ஸ் பிஹைண்ட்' என்று ஒரு பத்தி இருக்கும், முதலிடத்தில் இருக்கும் அணியைவிட எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்பதுதான் அது. இரண்டு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த எண் வரும். 2025இல் மில்வாக்கி புரூவர்ஸ் 97-65, சிகாகோ கப்ஸ் 92-70. வெற்றியில் 5 வித்தியாசம், தோல்வியில் 5 வித்தியாசம், கூட்டினால் 10, இரண்டால் வகுத்தால் 5. கப்ஸ் ஐந்து ஆட்டம் பின்னால் முடித்தது. சில நேரம் அரை ஆட்டம் என்று வரும், ஓர் அணி மற்றதைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியிருந்தால் அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம்.

செப்டம்பரில் எல்லோரும் பேசும் இன்னொரு எண் 'மேஜிக் நம்பர்'. 163இலிருந்து முதலிடத்து அணியின் வெற்றிகளைக் கழியுங்கள், பிறகு இரண்டாமிடத்து அணியின் தோல்விகளைக் கழியுங்கள். முதலிடத்து அணி 90 வெற்றி, இரண்டாமிடத்து அணி 66 தோல்வி என்று வைத்துக்கொண்டால் 163 - 90 - 66 = 7. நாம் ஜெயித்தாலும் ஒன்று குறையும், அவர்கள் தோற்றாலும் ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்டால் டிவிஷன் நம்முடையது. நான் பேஸ்பாலை விரும்பத் தொடங்கியதே இந்த எண் ஒவ்வொரு நாளும் இறங்குவதைப் பார்த்துத்தான், ஏனென்றால் நம் அணி ஆடாத நாளிலும் வேறெங்கோ நடக்கும் ஆட்டத்துக்காக மனது அடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: உள்ளே வரும் பன்னிரண்டு பேர்

2022இலிருந்து ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன, மொத்தம் 12. மூன்று டிவிஷன்களில் முதலிடம் பிடித்த மூன்று அணிகள் நேராக உள்ளே. மீதியுள்ள 12 அணிகளில், எந்த டிவிஷன் என்று பார்க்காமல், வெற்றிக் கணக்கில் மேலே இருக்கும் மூன்று அணிகளுக்கு வைல்ட் கார்ட் கிடைக்கும்.

தரவரிசை போடும் முறைதான் முக்கியம். 1, 2, 3 ஆகிய இடங்கள் டிவிஷன் வென்றவர்களுக்கு மட்டுமே. 4, 5, 6 வைல்ட் கார்ட் அணிகளுக்கு. ஒரு வைல்ட் கார்ட் அணி 110 ஆட்டம் ஜெயித்திருந்தாலும் நான்காம் இடத்துக்கு மேல் ஏற முடியாது. கார்டியன்ஸ் 88 வெற்றியோடு மத்திய டிவிஷனை வென்றது, யாங்கீஸ் 94 வெற்றியோடு கிழக்கு டிவிஷனில் டொராண்டோ புளூ ஜேஸுக்குப் பின்னால் முடிந்தது. அதனால்தான் 3, 4.

2025இன் முழுப் பட்டியல் இதோ. அமெரிக்கன் லீகில் டொராண்டோ 94 வெற்றியோடு முதலிடம், சியாட்டில் மரினர்ஸ் 90 வெற்றியோடு இரண்டாமிடம், கிளீவ்லாந்து மூன்று, யாங்கீஸ் நான்கு, 89 வெற்றி எடுத்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஐந்து, 87 வெற்றி எடுத்த டெட்ராய்ட் டைகர்ஸ் ஆறு. நேஷனல் லீகில் மில்வாக்கி 97, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 96, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 93, பிறகு வைல்ட் கார்டாக கப்ஸ் 92, சான் டியகோ பாட்ரேஸ் 90, கடைசியாக சின்சினாட்டி ரெட்ஸ் வெறும் 83.

டிவிஷன் வென்றவருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்டால், ஒரே டிவிஷனில் இருக்கும் அணிகளோடுதான் அதிகம் மோத வேண்டியிருக்கிறது, ஆளுக்கு 13 ஆட்டம், நான்கு பேரோடு 52 ஆட்டம். அந்தச் சண்டையை வென்றவருக்குப் பரிசு வேண்டும், இல்லையென்றால் டிவிஷன் என்ற ஒன்று எதற்கு? இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே வரும் உரிமையோடு பரிசு நின்றுவிட வேண்டும் என்பது என் கருத்து. தரவரிசையை வெற்றிக் கணக்கில் போட்டால் யாருக்கும் அநியாயம் நடக்காது. கார்டியன்ஸ் ரசிகர்கள் இதற்கு என்னோடு சண்டைக்கு வரலாம், ஜூலையில் டைகர்ஸைவிட 15.5 ஆட்டம் பின்னால் இருந்து துரத்திப் பிடித்த அணி அது, அந்த ஓட்டத்துக்கு மூன்றாம் இடம் தகும் என்று சொன்னால் என்னால் முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியாது.

மூன்றாம் படி: வெற்றிக் கணக்கு சமமானால்?

2021வரை இதற்கு ஓர் அருமையான வழி இருந்தது. 162 முடிந்தும் சமமாக இருந்தால் 163ஆவது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 1978இல் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் ஆடிய அந்த ஒரே ஆட்டத்தில், சிக்ஸருக்குப் பேர்போகாத யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி, பந்து வேலியைத் தாண்டிப் போகும் அடி) பாஸ்டனில் இன்றும் கசப்போடுதான் சொல்வார்கள். 2018இல் ஒரே நாளில் இப்படி இரண்டு ஆட்டங்கள் நடந்தன. 2022இல் இது எடுக்கப்பட்டுவிட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, சீசன் முழுக்கச் சமமாக ஓடிய இருவருக்கு ஒரு மாலை கொடுத்திருக்கலாம்.

இப்போது எல்லாமே கணக்குதான். முதலில் பார்ப்பது நேரடி மோதல், அதாவது அந்த இரண்டு அணிகளும் சீசனில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தது என்று. அதுவும் சமமென்றால் தங்கள் டிவிஷனுக்குள் யார் நன்றாக ஆடினார்கள் என்று பார்ப்பார்கள், அதற்கும் கீழே இன்னும் சில படிகள் உண்டு, பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரே டிவிஷன் அணிகள் 13 ஆட்டம் ஆடுவதால் அங்கே நேரடி மோதல் சமமாக முடிவது அபூர்வம்.

2025இல் இந்த விதி மூன்று இடத்தில் கடித்தது. டொராண்டோவும் யாங்கீஸும் இருவருமே 94-68. நேரடி மோதலில் டொராண்டோ 8-5 என்று முன்னால் இருந்ததால் டிவிஷன் அவர்களுக்கு, லீகின் முதலிடம் அவர்களுக்கு, முதல் சுற்று ஓய்வும் அவர்களுக்கு. டைகர்ஸும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் 87-75, நேரடி மோதலால் டைகர்ஸ் உள்ளே, ஆஸ்ட்ரோஸ் வீட்டுக்கு. ரெட்ஸும் நியூயார்க் மெட்ஸும் 83-79. கடைசி நாள் ரெட்ஸ் தோற்றது, மெட்ஸ் ஜெயித்திருந்தால் மெட்ஸ்தான் உள்ளே, ஆனால் மெட்ஸும் மயாமியில் தோற்றது, நேரடி மோதலில் 4-2 என்று முன்னால் இருந்த ரெட்ஸ் தோற்றபடியே பிளேஆஃபுக்குள் நுழைந்தது. ஜூன் நடுவில் மெட்ஸ்தான் இரண்டு லீகையும் சேர்த்து முதலிடத்தில் இருந்த அணி. மே மாதத்தில் யாரும் கவனிக்காமல் போன ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் செப்டம்பரில் இப்படித்தான் திரும்பி வந்து நிற்கும்.

நான்காம் படி: நான்கு சுற்றுகள்

முதல் சுற்று வைல்ட் கார்ட் சீரிஸ். முதல் இரண்டு இடத்து அணிகள் இதில் ஆட வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். 3ஆம் அணியும் 6ஆம் அணியும், 4ஆம் அணியும் 5ஆம் அணியும் மோதும். மூன்று ஆட்டத் தொடர், இரண்டு ஜெயித்தால் போதும். மூன்று ஆட்டமுமே மேலே இருக்கும் அணியின் மைதானத்தில்தான், தொடர்ந்து மூன்று நாளில். கீழே இருப்பவர் தன் ஊர் ரசிகர்கள் முன்னால் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே வெளியேறலாம். 2025இல் டைகர்ஸ் கிளீவ்லாந்துக்கே போய் 2-1 என்று ஜெயித்தது, மற்ற மூன்று தொடரிலும் சொந்த மைதானத்து அணிதான் வென்றது.

இரண்டாவது டிவிஷன் சீரிஸ். பெயரைப் பார்த்து ஒரே டிவிஷன் அணிகள் மோதுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐந்து ஆட்டத் தொடர், மூன்று வெற்றி தேவை. 1ஆம் அணி 4-5 மோதலில் வென்றவரோடும், 2ஆம் அணி 3-6 மோதலில் வென்றவரோடும் ஆடும். இந்தக் கட்டம் முதலிலேயே நிலையாகப் போடப்பட்டது, நடுவில் மாற்ற மாட்டார்கள். 6ஆம் அணி ஜெயித்து வந்தாலும் அது 1ஆம் அணியிடம் போகாது, 2ஆம் அணியிடம்தான் போகும். சில ஆண்டுகளில் இதனால் முதலிடத்து அணிக்குக் கடினமான எதிரி அமைந்துவிடும், 2025இல் டொராண்டோவுக்கு அமைந்தது தன்னோடு சமமாக முடித்த யாங்கீஸ்தான். முதல் இரண்டு ஆட்டம் மேலே இருப்பவர் மைதானத்தில், அடுத்த இரண்டு கீழே இருப்பவர் ஊரில், ஐந்தாவது தேவைப்பட்டால் மறுபடி மேலே இருப்பவரிடம்.

மூன்றாவது லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ். ஏழு ஆட்டம், நான்கு வெற்றி. மைதானம் 2-3-2 என்று மாறும். இதில் ஜெயித்தவர் லீகின் சாம்பியன், 'பென்னன்ட்' வென்றார் என்று சொல்வது இதைத்தான். 2025இல் டாட்ஜர்ஸ் மில்வாக்கியை 4-0 என்று நசுக்கியது. அந்தப் பக்கம் டொராண்டோவும் சியாட்டிலும் ஏழாவது ஆட்டம்வரை போய், ஏழாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால் முடிந்தது. 30 அணிகளில் இதுவரை வேர்ல்ட் சீரிஸ் ஆடாத ஒரே அணி சியாட்டில். எட்டு அவுட் தூரத்தில் அது நழுவியது, அந்த ரசிகர்களுக்கு நான் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

நான்காவது வேர்ல்ட் சீரிஸ். இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் ஏழு ஆட்டத் தொடர், மைதானம் இங்கும் 2-3-2. தரவரிசை எண் இங்கே செல்லாது, வழக்கமான சீசனில் அதிகம் ஜெயித்த அணிக்குத்தான் நான்கு ஆட்டம் சொந்த மைதானத்தில். இந்த விதி 2017இலிருந்துதான், அதற்கு முன் 2003 முதல் 2016வரை ஆல் ஸ்டார் காட்சி ஆட்டத்தில் எந்த லீக் ஜெயித்ததோ அந்த லீகின் அணிக்கு இந்தச் சலுகை கொடுத்தார்கள். ஜூலையில் வேடிக்கையாக ஆடும் ஆட்டத்தை வைத்து அக்டோபர் கோப்பையின் மைதானத்தை முடிவு செய்தது தவறு, எடுத்தது நல்ல வேலை. 2025இல் டொராண்டோ 94, டாட்ஜர்ஸ் 93. ஒரே ஒரு வெற்றியால் ஏழாவது ஆட்டம் கனடாவில் நடந்தது.

சொந்த மைதானம் என்றால் கூட்டத்தின் சத்தம் மட்டுமில்லை. பேஸ்பாலில் டாஸ் கிடையாது, சொந்த மைதானத்து அணி எப்போதும் இரண்டாவதாக பேட் செய்யும். எத்தனை ரன் வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம், கடைசி அடியில் முன்னால் போனால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. 'வாக் ஆஃப்' என்பது அதுதான். 2024 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் பத்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் (ரன் எடுக்க ஓடுபவர் வழியில் தொட்டு நிற்கும் இடங்கள்) ஆள் இருக்க அடித்த ஹோம் ரன், வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றிலேயே அப்படி முடிந்த முதல் ஆட்டம்.

ஐந்தாம் படி: கையைக் கணக்குப் போடுங்கள்

இனி வருவதைத்தான் பெரும்பாலான விளக்கங்கள் விட்டுவிடுகின்றன, என்னைக் கேட்டால் பிளேஆஃபின் உயிரே இதில்தான்.

ஒரு தொடக்க பிட்சர் ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு இன்னிங்ஸ், தொண்ணூறு நூறு பந்து வீசுவார். பிறகு நான்கைந்து நாள் அவரைத் தொட மாட்டார்கள், நூறு முறை, அதில் பலவற்றை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், வீசிய தோள் ஆற அவ்வளவு நாள் வேண்டும். அதனால் சீசனில் ஓர் அணிக்கு ஐந்து தொடக்க பிட்சர்கள், முறைவைத்து வீசுவார்கள். 162 ஆட்டத்தில் ஐந்தாவது ஆளும் முக்கியம், நான்காவது ஆளும் முக்கியம். மூன்று ஆட்டத் தொடரில் அவர்கள் தேவையே இல்லை. முதல் மூன்று பேர் அபாரமாக இருந்து மற்ற இருவர் சுமாராக இருக்கும் அணி சீசனில் 85 ஆட்டம்தான் ஜெயிக்கும், அக்டோபரில் அதே அணி யாரையும் விழுங்கும்.

இப்போது முதல் சுற்று விலக்கு ஏன் பெரிய பரிசு என்று பாருங்கள். 2025இல் சீசன் செப்டம்பர் 28இல் முடிந்தது, வைல்ட் கார்ட் சுற்று செப்டம்பர் 30, அக்டோபர் 1, 2 ஆகிய நாட்களில், டிவிஷன் சீரிஸ் அக்டோபர் 4இல் தொடக்கம். செப்டம்பர் 30இல் தன் சிறந்த பிட்சரைப் பயன்படுத்திய அணிக்கு, அவர் நான்கு நாள் ஓய்வோடு மறுபடி கிடைப்பது அக்டோபர் 5இல். ஆக, அடுத்த தொடரின் முதல் ஆட்டத்தை இரண்டாம் மூன்றாம் ஆளை வைத்து ஓட்ட வேண்டும். எதிரில் இருப்பவரோ ஐந்து நாள் ஓய்வெடுத்து, தன் முதல் ஆளை முதல் ஆட்டத்துக்கே நிறுத்தி, தேவைப்பட்டால் ஐந்தாவது ஆட்டத்திலும் அவரையே இறக்கலாம்.

காகிதத்தில் இது மிகப் பெரிய அனுகூலம். ஆனால் நடந்தது என்ன? 2022இலிருந்து 2025வரை நான்கு ஆண்டில் இப்படி ஓய்வெடுத்து வந்த அணிகள் மொத்தம் 16, டிவிஷன் சீரிஸைத் தாண்டியவை 9, தோற்றவை 7. 2022இல் 111 வெற்றி எடுத்த டாட்ஜர்ஸ் பாட்ரேஸிடம் 3-1 என்று போனது. 2023 இன்னும் மோசம்: 104 வெற்றி அட்லாண்டா பிரேவ்ஸ், 101 வெற்றி பால்ட்டிமோர் ஓரியோல்ஸ், 100 வெற்றி டாட்ஜர்ஸ், மூன்று அணிகளும் அந்த முதல் தடையிலேயே காலி, அதில் இரண்டு அணிகள் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

தினமும் ஆடிப் பழகிய பேட்டர்கள் ஐந்து நாள் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுகிறார்கள் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் நான் அதை முக்கியக் காரணமாக நினைக்கவில்லை. பேஸ்பாலில் மிகச் சிறந்த அணியே பத்தில் ஆறு ஆட்டம்தான் ஜெயிக்கிறது, மிக மோசமான அணியும் பெரும்பாலும் பத்தில் மூன்றாவது ஜெயிக்கும். அப்படிப்பட்ட விளையாட்டில் ஐந்து ஆட்டம் வைத்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும். 2001இல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தும் வேர்ல்ட் சீரிஸுக்கு வரவில்லை. 1906இல் கப்ஸும் 116 ஜெயித்து வேர்ல்ட் சீரிஸில் அதே ஊர் வைட் சாக்ஸிடம் தோற்றது. சீசன் எவ்வளவுதான் உழைத்து ஓடினாலும் அது வாங்கிக் கொடுப்பது இரண்டே பொருள்: கொஞ்சம் ஓய்வு, ஓரிரு ஆட்டம் கூடுதலாகச் சொந்த மைதானம். ரன் முன்னிலையோ வெற்றி முன்னிலையோ யாருக்கும் கிடையாது.

அதனால் ஒவ்வொரு தொடரும் தொடங்கும் முன் நான் ஒரு தாளில் இரண்டு அணியின் முதல் மூன்று பிட்சர்கள் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை பந்து வீசினார்கள் என்று எழுதிக்கொள்வேன். ஐந்து நிமிட வேலை. முழு பிளேஆஃபும் வேறு மாதிரி தெரியும், நீங்களும் செய்து பாருங்கள்.

ஆறாம் படி: அக்டோபரில் மாறும் விதிகள்

அணியில் 26 பேர். தொடர் முடிந்து தொடர் தொடங்கும்போது ஆளை மாற்றலாம், எதிரிக்கு ஏற்றபடி ஒரு பிட்சரைக் குறைத்து ஒரு பேட்டரைச் சேர்ப்பது சாதாரணம். தொடரின் நடுவில் காயம்பட்டால் மாற்றாள் வரலாம், ஆனால் வெளியே போனவர் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. நடுவர்கள் நான்குக்குப் பதில் ஆறு பேர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கூடுதல் இன்னிங்ஸில். 2020இலிருந்து வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மாவே நிறுத்திவிடுவார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று. பிளேஆஃபில் அது இல்லை, நல்லவேளை. ஒவ்வொரு ரன்னையும் உழைத்துத்தான் எடுக்க வேண்டும். 2025 வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் ஓடியது அதனால்தான். மழைக்கும் வேறு விதி: சீசனில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் ஆட்டத்தை முடித்துவிடலாம், பிளேஆஃபில் நிறுத்திவைத்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 2008இல் ஃபிலடெல்ஃபியாவில் வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம் நடுவில் மழையால் நின்று இரண்டு நாள் கழித்து முடிந்தது, அதன் பிறகு இதை விதியாகவே எழுதிவிட்டார்கள்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன். 1903இல் முதல் வேர்ல்ட் சீரிஸ், பாஸ்டனும் பிட்ஸ்பர்கும், ஒன்பது ஆட்டத் தொடர், பாஸ்டன் 5-3. அப்போது பிளேஆஃப் என்று எதுவும் இல்லை, லீகில் முதலிடம் வந்தவர் நேராக வேர்ல்ட் சீரிஸ். 1969இல்தான் லீகுகளை இரண்டு டிவிஷனாகப் பிரித்து நடுவில் ஒரு சுற்று வைத்தார்கள். 1993இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் 103 ஆட்டம் ஜெயித்தது, அதே டிவிஷனில் அட்லாண்டா 104 ஜெயித்தது, 103 ஜெயித்த அணி பிளேஆஃபே ஆடாமல் வீட்டுக்குப் போனது. இன்றைக்கு 83க்கு இடம் கிடைக்கிறது! மூன்று டிவிஷனும் ஒரு வைல்ட் கார்டும் அடுத்த ஆண்டுக்கே திட்டமிடப்பட்டன, ஆனால் 1994இல் வீரர்கள் வேலைநிறுத்தம், வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை, 1995இல்தான் அந்த பிளேஆஃப் முதன்முதலாக நடந்தது. 2012இல் இரண்டாவது வைல்ட் கார்ட், இருவருக்கும் நடுவே ஒரே ஓர் ஆட்டம், தோற்றால் வீடு. கொரோனா ஆண்டான 2020இல் 60 ஆட்ட சீசன், 16 அணி பிளேஆஃப். 2022இல் முதலாளிகள் 14 அணி கேட்டார்கள், வீரர் சங்கம் 12க்குத்தான் ஒத்துக்கொண்டது. 12இல் நிறுத்தியது நல்லது, இதற்கு மேல் போனால் ஆறு மாதம் ஆடியதற்கு மதிப்பே இருக்காது.

கடைசிப் படி: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

புதிதாகப் பார்ப்பவர் என்றால் வைல்ட் கார்ட் சுற்றிலிருந்து தொடங்குங்கள், மூன்று நாளில் முடிவு தெரிந்துவிடும். ஏதாவது ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுநிலையாகப் பார்த்தால் பேஸ்பால் மெதுவாகத்தான் தெரியும். வேர்ல்ட் சீரிஸ் ஆட்டங்கள் நியூயார்க் நேரப்படி இரவு எட்டு மணியளவில் தொடங்கும், நமக்கு அது அடுத்த நாள் காலை ஐந்தரை. காபியோடு உட்கார்ந்தால் அலுவலகம் கிளம்புவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், 18 இன்னிங்ஸ் போனால் விடுப்புதான்.

கீழே இருக்கும் அணியைப் பிடித்துக்கொண்டாலும் பயமில்லை. ஓய்வோடு வரும் அணிக்குக் கோப்பைக்கு 11 வெற்றி வேண்டும், வைல்ட் கார்ட் சுற்றிலிருந்து வருபவருக்கு 13, அவ்வளவுதான் வித்தியாசம். 2023இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 90-72, ஹூஸ்டனோடு சமம், நேரடி மோதலில் பின்தங்கி டிவிஷனை இழந்து ஐந்தாம் இடத்தில் உள்ளே வந்தது. வெளியூரில் ஆடிய 11 ஆட்டத்தையும் ஜெயித்து, அதே ஹூஸ்டனை ஏழாவது ஆட்டத்தில் அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்தி, கோப்பையோடு போனது. அவர்களோடு இறுதியில் மோதிய அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 84 வெற்றியோடு ஆறாம் இடத்தில் வந்த அணி.

சரி, இதுவரை சொன்ன அத்தனையும் ஒரே மாலையில் பார்க்க வேண்டுமென்றால் 2025 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு வெற்றி அதிகம் எடுத்ததால் டொராண்டோவின் மைதானம். முந்தின நாள் அக்டோபர் 31, ஆறாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ 96 பந்து வீசி ஜெயித்துக் கொடுத்திருந்தார், கணக்குப்படி அவர் கை நான்கு நாளுக்குக் கிடைக்காது. நவம்பர் 1, ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன்னால் ஆட்டம் 4-4 என்று சமமானது. அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் டொராண்டோவுக்கு இரண்டு பேர் பேஸில், ஒரே அவுட், ஒரு ரன் வந்தால் கோப்பை. அப்போது மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென் கதவு திறந்து யமமோட்டோ வெளியே வந்தார். முதல் ஆளைப் பந்தால் அடித்து (அப்படி அடிபட்டவருக்கு முதல் பேஸ் இலவசம்) மூன்று பேஸையும் நிரப்பினார், அடுத்த இரண்டு பேரையும் ரன் விடாமல் அனுப்பினார். பதினொன்றாவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து 5-4. கீழ்ப்பாதியில் மறுபடி யமமோட்டோவேதான், அலெஹாண்ட்ரோ கர்க் அடித்த பந்தில் மட்டை உடைந்தது, பந்து மூக்கி பெட்ஸிடம் உருண்டது, இரட்டை அவுட். அந்த மாலை மட்டும் அவர் 34 பந்து வீசியிருந்தார்.